பாதிப் பெருக்கல் குறி

ஜூன் 16, திங்கள்

இது ஆறு வருடத்துக்கு முந்தைய டைரி. அச்சடித்த கிழமை ஞாயிறு என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதியிருக்கிறேன். மற்றபடி நல்ல தாள். தங்கபுஷ்பம் டீச்சர் எல்லா அமைச்சர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். "துறை வேலைய மட்டும் எழுதணும். கோலம் போடக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஆமாம், அமைச்சர். எங்கள் நடுநிலைப் பள்ளியில் இன்று மாணவர் மன்றத் தேர்தல் நடந்தது. ஏழாம் வகுப்பு சந்தனமாரி ஆகிய நான் நான்கு ஓட்டு வித்தியாசத்தில் வருகைத்துறை அமைச்சர் ஆகிவிட்டேன். தோற்றுப்போன அந்தோணி பிரின்சி எனக்குத் துணை அமைச்சர். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு தடவைதான் பார்த்தேன்.

என் துறை பற்றி: காலையில் டீச்சர் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்றால் பேருக்கு நேரே ஒரு சாய்ந்த கோடு. மதியம் சாப்பிட்ட பிறகு மறுபடி கூப்பிடுவார்கள். அப்போது அதன் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. ஒரு நாள் முழுசாக வந்தாய் என்று அர்த்தம். டீச்சர் ரிஜிஸ்டரில் போடுவதை நான் சுவர் சார்ட்டில் போட வேண்டும்.

இன்றே ஒரு சட்டமும் கொண்டுவந்துவிட்டேன். ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் அமைச்சரவை அவர் வீட்டு வாசலுக்குப் போகும். வகுப்பில் கூப்பிடுகிற மாதிரியே பேர் கூப்பிடும். அவர் "உள்ளேன்" என்று சொல்லும்வரை விடாது. சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் வந்தே ஆக வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். பிரின்சி மெதுவாகத் தட்டினாள்.

ஜூன் 19, வியாழன்

என் சட்டத்துக்கு முதல் வெற்றி. லெட்சுமிபிரபா மூன்று நாளாக வரவில்லை. வாசலில் நின்று நாலு தடவை கூப்பிட்ட பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து "உள்ளேன்" என்று சத்தம் வந்தது. காய்ச்சல் எதுவும் இல்லை. அவளுக்கு இருப்பது ஒரே யூனிபார்ம். அதைத் துவைத்துப்போட்டால் காய மாட்டேன் என்கிறது. நேற்று தண்ணீர் லாரி சாயங்காலம்தான் வந்ததாம்.

ஈரத்தோடு கூட்டிக்கொண்டு வந்தோம். வழியிலேயே பாதி காய்ந்துவிட்டாள். தூத்துக்குடி வெயிலுக்கு ஒரு அமைச்சர் பதவி கொடுக்கலாம். டீச்சர் தன் பீரோவிலிருந்து இன்னொரு யூனிபார்ம் எடுத்துக் கொடுத்தார்கள். அப்படி ஒரு பீரோ இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூன் 23, திங்கள்

மாரிக்கனி சித்தி கல்யாணம் முடிந்து இன்று சாத்தூருக்குப் போய்விட்டாள். சித்தி என்பது அம்மாவின் தங்கச்சி. எங்களோடுதான் இருந்தாள். தம்பி உலகநாதனைப் பார்த்துக்கொண்டது அவள்தான். உலகநாதன் என்றால் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. பேர்தான் பெரியது.

எல்லோரும் அழுதார்கள். உலகு மட்டும் சித்தியின் மாலையிலிருந்து ரோஜா இதழைப் பிய்த்துத் தின்றான்.

அம்மா உப்பளத்துக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பு வாரி முடிக்க வேண்டும். திரும்பி வர மதியம் பன்னிரண்டரை ஆகும். அப்பா கேரளாவில் கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் வருவார்.

அம்மா சொன்னாள்: "ரெண்டே நாளு தம்பியப் பாத்துக்கிடுட்டி. பொறவு யாரையாவது ஏற்பாடு பண்ணிருதேன்."

அமைச்சருக்கு இரண்டு நாள் விடுப்பு.

ஜூன் 25, புதன்

விடுப்பிலும் துறை வேலை நடக்கிறது. இன்று காலை செய்தவை: தண்ணீர் லாரியில் நாலு குடம். கஞ்சி. உலகுவின் ஜட்டி மூன்று. மறுபடி ஒன்று.

பத்து மணிக்குப் பள்ளி மணி எங்கள் வீடு வரை கேட்கும். அந்த நேரத்தில் உலகுவைச் சுவரோரம் உட்காரவைத்துப் பேர் கூப்பிட்டேன். "உலகநாதன்." முதலில் சிரித்தான். பத்துத் தடவை சொல்லிக்கொடுத்த பிறகு "உள்ளே" என்றான். கடைசி 'ன்' அவனுக்கு வரவில்லை. பரவாயில்லை, பல்லே எட்டுதான் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

இரண்டு நாள் முடிந்துவிட்டது. ஏற்பாடு இன்னும் ஆகவில்லை. அதனால் நானே ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தேன். அம்மா பன்னிரண்டரைக்கு வந்ததும் உலகுவை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். மதியச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மதியம் "உள்ளேன் டீச்சர்" சொன்னேன்.

சார்ட்டில் என் பேருக்கு நேரே ஒரு கோடுதான். பாதிப் பெருக்கல் குறி. ஆனால் சட்டத்தில் மூன்று நாள் என்றுதான் இருக்கிறது. அரை நாளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சட்டத்தை எழுதியது நான்தான், எனக்குத் தெரியாதா. அமைச்சர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பிரின்சிக்குப் பின்னம் வராது. அரையும் அரையும் கூட்டினால் நாலில் இரண்டு என்று எழுதிவைத்திருக்கிறாள். மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி. டீச்சர் என்னைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள்.

மதியச் சாப்பாட்டு முட்டையை நூலால் இரண்டாக அறுத்துக் காட்டினேன். "இது அரை. இது அரை. சேத்து வையி. என்ன வருது?"

"முட்ட."

"எத்தன?"

"ஒண்ணு." கொஞ்ச நேரம் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பம் ஆறு அரைன்னா?"

"மூணு முட்ட."

அவளுக்கு மண்டையில் ஏறிவிட்டது. ஒரு அமைச்சர் என்றால் எல்லாத் துறைக்கும் உதவ வேண்டும்.

காலையில் நடத்திய பாடத்தை அவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அவள் கையெழுத்தில் 'ல'வும் 'வ'வும் ஒன்றுதான்.

ஜூலை 3, வியாழன்

இன்று உலகு நான் எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் "உள்ளே" என்கிறான். லெட்சுமிபிரபா என்றேன், உள்ளே. தங்கபுஷ்பம் என்றேன், உள்ளே. வகுப்பில் முப்பத்தொரு பேரும் அவன் ஒருவனே. என் பள்ளிக்கூடத்தில் ஆப்சென்ட் என்பதே கிடையாது.

மதியம் தட்டோடு வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து பிரின்சி சொன்னாள்: "வருகைத்துற அமைச்சர் இல்ல இவ. சோத்து அமைச்சர். சோத்துக்கு மட்டுந்தான் வாரா."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய பதவியில் இருப்பவர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளக் கூடாது.

ஜூலை 4, வெள்ளி

சாப்பாட்டு மணி முடிந்த பிறகுதான் பள்ளிக்குள் போனேன். இன்று பசி இல்லை.

ஜூலை 7, திங்கள்

இன்றும் பசி இல்லை. பிரின்சி ஏப்பம் விட்டாள். வேண்டுமென்றேதான்.

ஜூலை 9, புதன்

டீச்சர் கேட்டார்கள்: "சந்தனமாரி, காலையில என்னம்மா பண்ணுத?"

இதுவரை சொல்லிவிட்ட காரணங்கள்: வயிற்றுவலி மூன்று, பல்வலி ஒன்று, வீட்டுக்குள் பாம்பு ஒன்று. பாம்பை மறுபடி கொண்டுவர முடியாது. அதனால் "தலைவலி டீச்சர்" என்றேன்.

"பன்னெண்டர மணிக்குச் சரியா விட்டுருமா, அந்தத் தலவலி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மாவ வந்து பாக்கச் சொல்லு."

"அம்மா கேரளாவுக்குப் போயிருக்காவ டீச்சர்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. சொன்னால் டீச்சர் அம்மாவைத் திட்டுவார்கள். அம்மாவை யாரும் திட்டுவது எனக்குப் பிடிக்காது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் முழுக்க வெடிப்பு. அதற்கு எண்ணெய் போடும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள், சத்தம் போட மாட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

திங்கட்கிழமையிலிருந்து அம்மாவுக்கு மதியமும் வேலை. உப்பை மூட்டை பிடிக்கிற ஷெட்டில் ஆள் வேண்டுமாம். மதியம் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும். மழைக்காலம் வந்தால் அளத்தில் வேலையே இருக்காது. அதனால் கிடைக்கும்போது போனால்தான் உண்டு.

"ஒரு வருசம் பொறுத்துக்கிடுட்டி. அவன் கொஞ்சம் வளந்துரட்டும். அடுத்த வருசம் ஏழாப்புலயே போயி உக்காந்துக்கிடலாம்" என்றாள் அம்மா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம்தானே. நான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். அமைச்சருக்கு வருத்தம் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் மை பரவியிருப்பது உலகு தண்ணீரைக் கொட்டியதால்.

ஜூலை 14, திங்கள்

ராஜினாமா கடிதம் எழுதினேன்.

"பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். பொருள்: பதவி விலகல். தவிர்க்க முடியாத குடும்ப அலுவல் காரணமாக வருகைத்துறை அமைச்சர் பொறுப்பிலிருந்து ஒரு வருடத்துக்கு விலகிக்கொள்கிறேன். துணை அமைச்சர் பிரின்சி பொறுப்பை ஏற்கலாம். கோட்டை நேராகச் சாய்த்துப் போடச் சொல்லவும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. மடித்து வைத்திருந்தேன். உலகு அதன் ஓரத்தைத் தின்றுவிட்டான். இப்போது "தங்கள் உண்மை" வரைதான் இருக்கிறது.

பத்து மணிக்கு மணி கேட்டது. மதியமும் கேட்டது. இன்று முழு ஆப்சென்ட். சார்ட்டில் பாதிக் கோடுகூட இருக்காது. அதுதான் என்னவோ போல இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 

மதியம் பன்னிரண்டரை மணி. உலகுவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். தெருவில் செருப்புச் சத்தம். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் அமைச்சரவை. ஒன்பது பேர். பின்னால் தங்கபுஷ்பம் டீச்சர், குடை பிடித்துக்கொண்டு. முன்னால் பிரின்சி, ரிஜிஸ்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று நாள் எங்கே ஆயிற்று? முழுசாக இந்த வாரம் ஒரு நாள்தானே. இது சட்ட மீறல் இல்லையா?

கதவைத் தாழ் போட்டேன். உலகுவைத் தூக்கிக்கொண்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன், அவன் வாயில்.

பிரின்சி டீச்சர் குரலிலேயே கூப்பிட்டாள். "சந்தனமாரி."

நான் "உள்ளேன்" சொல்லவில்லை. சொன்னால் போயே ஆக வேண்டும். சட்டம் என்னுடையது.

"சந்தனமாரி."

பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா, "அங்ஙன ஆளு இல்ல போல" என்றாள். செருப்புச் சத்தம் திரும்புகிற மாதிரி இருந்தது. போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போய்விடுவார்களோ என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

பிரின்சி கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டாள். "சந்தனமாரி."

உலகு பிஸ்கட்டைத் துப்பிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில், தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான்: "உள்ளே."

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு பிரின்சி சொன்னாள்: "டீச்சர், உள்ளேயாம்."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் ஜெசிந்தா அக்கா வீட்டுக் கோழி ஓடிவிட்டது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தேன். இடுப்பில் உலகு, கையில் சோறு.

"மூணு நாளு ஆகல, நீங்க எப்பிடி வரலாம்?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் கேட்கத் தெரிந்தது.

பிரின்சி ரிஜிஸ்டரைப் பிரித்துக் காட்டினாள். "முழு நாளு மூணு. பொறவு அரை நாளு பன்னெண்டு. ஆறு அரை மூணுன்னா, பன்னெண்டு அரை ஆறு. ஆக மொத்தம் ஒம்போது நாளு நீ வரல. நீதானட்டி சொல்லித் தந்த, முட்டைய வச்சி."

பிறகு ஒரு டிபன் டப்பாவை நீட்டினாள். உள்ளே சோறும் முட்டையும். முட்டையை நூலால் அறுத்திருந்தாள். "அன்னைக்கி அப்பிடிச் சொல்லிட்டேம்லா. அதுக்குப் பொறவு நீ சாப்புடவே வரல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். நான் முட்டையை மட்டும் பார்த்தேன். எனக்கு நல்ல பசி. பதினொரு நாளாக நல்ல பசி.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்து சேர்ந்தாள். முழங்கால் வரை வெள்ளையாக உப்பு காய்ந்திருந்தது. வாசலில் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாள்.

டீச்சர் குடையை மடக்கினார்கள். "வா வேலம்மா. கேரளாவுல இருந்து எப்பம் வந்த?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உலகுவின் மூக்கைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார்கள். அம்மா நின்றுகொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க சொல்லுதது வெளங்குது டீச்சர். ஆனா நான் போவலன்னா வீட்ல அடுப்பு எரியாது. இவன அளத்துக்குத் தூக்கிட்டுப் போனா அந்த உப்பு வெளிச்சத்துல கண்ணு போயிரும். நான் யாருகிட்ட விட?"

"உன்னக் குத்தம் சொல்ல வரல வேலம்மா. பதினாலு வயசு வர பள்ளிக்கூடத்துல இருக்கது இவளுக்கு உள்ள உரிம. அந்தப் பொடியனப் பாத்துக்கிட ஒரு எடம் இருக்கது அவனுக்கு உள்ள உரிம. அவனோடத இவ தலையில கெட்டிட்டோம், அவ்வளவுதான். இத நீயும் நானும் பெரிய ஆளுகளும் சேந்து அவுக்கணும். பிள்ள அவுக்கக் கூடாது."

 அம்மா பிரின்சி கையிலிருந்த ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள். என் பேருக்கு நேரே வரிசையாகச் சாய்ந்து நின்ற கோடுகளை விரலால் தொட்டாள். தொட்ட இடத்தில் உப்பு ஒட்டியது.

"எனக்கும் இப்பிடித்தான் டீச்சர், அஞ்சாப்புல. மாரிக்கனி அப்பம் கைப்பிள்ள. மொத அரை நாளு. பொறவு ஒரு வருசம்னு சொன்னாவ." அம்மா நிறுத்தினாள். "எம்பேர யாரும் வாசல்ல வந்து கூப்புடல."

இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எழுதப் பிடிக்காது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன், அமைச்சரவை முன்னால். அதை இங்கே மறைத்து எழுதி என்ன ஆகப் போகிறது, ஒன்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

"உள்ளேன் டீச்சர்" என்றேன். பிரின்சி பேனாவின் மூடியைத் திறந்தாள்.

ஜூலை 16, புதன்

பள்ளிக்கூடத்து மதில் ஓரமாகவே அங்கன்வாடி. அம்மா இன்று வேலைக்குப் போகாமல் டீச்சரோடும் என்னோடும் வந்தாள். அங்கன்வாடி ராசகனி டீச்சர் தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். "ரெண்டு வயசு முடியணும். இவனுக்கு ஆகஸ்டு எட்டு. இன்னும் இருவத்திமூணு நாளு கெடக்கு."

அம்மா முகம் விழுந்துவிட்டது.

தங்கபுஷ்பம் டீச்சர் கேட்டார்கள்: "சின்னப் பிள்ளைகள எட போட நீங்க வரச் சொல்லுவியள்லா?"

"ஆமா, மாசத்துக்கு ஒருக்கா."

"தெனமும் எட போட்டா தப்பா?"

ராசகனி டீச்சர் யோசித்தார்கள். "தப்புன்னு எங்கயும் எழுதல. பயலும் கொஞ்சம் எளச்சித்தான் இருக்கான். தெனமும் எட போட வேண்டிய பிள்ளதான்." உலகுவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். "எட போட நேரமாகும். நாலு மணிக்கு வந்து தூக்கிட்டுப் போ."

சட்டத்தில் எழுதாததைக் கண்டுபிடிப்பதில் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

முழு நாள். சார்ட்டில் என் பேருக்கு நேரே நானே இரண்டு கோடும் போட்டேன். பிரின்சி, "கொஞ்சம் கோணிருக்கு" என்றாள். கோணவில்லை.

அமைச்சரவைக் கூட்டத்தில் தீர்மானங்கள்: இரண்டு அரை ஒன்று என்று சட்டத்தில் சேர்க்கப்பட்டது. உலகநாதன் இலாகா இல்லாத அமைச்சராக நியமிக்கப்பட்டார். அவருக்கு எதிர்ப்பு இல்லை.

ஜூலை 24, வியாழன்

எடை: ஒன்பது கிலோ நானூறு. நேற்று ஒன்பது கிலோ அறுநூறு. நேற்று கையில் கல் வைத்திருந்தானாம்.

ஆகஸ்டு 8, வெள்ளி

இலாகா இல்லாத அமைச்சருக்கு இன்று இரண்டு வயது. அங்கன்வாடி ரிஜிஸ்டரில் முறைப்படி பேர் ஏறியது. காலையில் ராசகனி டீச்சர் முதன்முதலாக "உலகநாதன்" என்று கூப்பிட்டபோது வாயையே திறக்கவில்லையாம்.

பத்து நிமிடம் கழித்து மதிலுக்கு இந்தப் பக்கம் ஏழாம் வகுப்பில் தங்கபுஷ்பம் டீச்சர் "சந்தனமாரி" என்றார்கள். நான் எழுந்து நிற்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "உள்ளே."

டீச்சர் சிரித்துக்கொண்டே கோட்டைப் போட்டார்கள்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

அம்மாவுக்கு லீவு. சாளை மீன் குழம்பு. உலகுவுக்கு இப்போது பேர் கூப்பிடாமல் சோறு இறங்குவதில்லை. அதனால் அவனைக் கூப்பிட்டேன், பிறகு என்னை நானே கூப்பிட்டேன். பிறகு சும்மா, "வேலம்மாள்" என்றேன்.

"வேலையப் பாருட்டி" என்றாள் அம்மா.

நான் டீச்சர் மாதிரிப் பேனாவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக் குழம்பைக் கிண்டினாள். ரொம்ப நேரம் கிண்டினாள். பிறகு திரும்பாமலே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை குரலில் சொன்னாள்.

"உள்ளேன் டீச்சர்."

இந்தப் பக்கத்தின் கீழே அம்மா பேரை எழுதி, பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்டேன். டைரியையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தேன். குறுக்கே இருக்கிற கோடு அம்மா போட்டது.